கீழே கனம், மேலே லேசு

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் எடுத்த கட்-ஆஃப் நூற்று எழுபத்தெட்டரை. அந்த அரையை விழுங்கிவிட்டு யாராவது நூற்று எழுபத்தெட்டு என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். எனக்கு எதற்கெடுத்தாலும் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். அது பொய். தப்பாகச் சொன்னால்தான் வரும். யாராவது என்னைக் கேள்வி கேட்டாலும் கொஞ்சம் வரும்.

நான் ஹார்பரில் லேஷிங் ஃபோர்மேன். கப்பலில் கன்டெய்னர்களை ஏற்றியபின் அவை அலையில் நகராதபடி இரும்புக் கம்பிகளால் இழுத்துக் கட்டுகிற ஆட்களுக்கு மேஸ்திரி. இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. எந்தப் பெட்டி எங்கே உட்கார வேண்டும் என்று ஒரு காகிதத்தில் கட்டம் கட்டமாகப் போட்டு எங்கள் கையில் கொடுப்பார்கள். போடுகிறவர் ஏசி அறையில் இருப்பவர். ஆனால் கனமான பெட்டியை அவர் மேலே போட்டுவிட்டால் முதலில் சத்தம் போடுகிறவன் நான்தான். கனம் கீழே, லேசு மேலே. இதை மீறினால் கப்பல் சாயும். சாய்கிற கப்பலில் நிற்கப்போவது நான், ஏசி அறைக்காரர் இல்லை.

மகளுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங் வந்தபோது எனக்கு இந்த ஒரு சாஸ்திரம்தான் தெரியும். அதையே வைத்துக்கொண்டு களத்தில் இறங்கினேன்.

கவுன்சிலிங் இப்போதெல்லாம் ஆன்லைனில்தான். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று வரிசையாக ஒரு லிஸ்ட் கொடுக்க வேண்டும். நம் முறை வரும்போது கம்ப்யூட்டர் அந்த வரிசைப்படி பார்த்துக்கொண்டே போய், முதலில் எங்கே இடம் இருக்கிறதோ அதை நமக்குக் கொடுத்துவிடும். லிஸ்ட் சரியாக அமைந்தால் பிள்ளையின் நான்கு வருடமும் அமைந்தது. அமையாவிட்டால் அப்பனைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ரெடிமேட் கடை வைத்திருக்கும் பாய் என் பள்ளிக்கூடத்து தோஸ்து. அவர் மகன் அதற்கு முந்தின வருடம்தான் கவுன்சிலிங்கைக் கடந்து வந்திருந்தான். அதனால் பாய் அந்த வட்டாரத்துக்கே கல்வி ஆலோசகர் ஆகியிருந்தார். டீக்கடையில் பிடித்தேன்.

“மாமு, பெரிய காலேஜா பாத்து எழுதினேன்னு வெச்சிக்கோ, ஒண்ணும் கெடைக்காம பூடும். சின்னதா பாத்து எழுதினேன்னு வெச்சிக்கோ, சின்னதுதான் கெடைக்கும். அதனால கலந்து போடணும். பத்து ஆசைக்கு, பத்து அளவுக்கு, பத்து அவசரத்துக்கு.”

“அவசரத்துக்குன்னா?”

“எதுவுமே கெடைக்கலன்னா புள்ள வூட்ல குந்திகினு இருக்கக் கூடாதுல்ல, அதுக்கு. என் கடையிலயே பாரேன். பேன்ட்டு எதுவும் சைஸ் ஒத்துவரலன்னா லுங்கி குடுத்து அனுப்புவேன். வெறுங்கையோட யாரும் போனதில்ல.”

எனக்கு இது நன்றாகப் புரிந்தது. வீட்டுக்கு வந்து மூவருமாக உட்கார்ந்தோம்.

மகளுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். கோயம்புத்தூரில் ஒரு அரசுக் கல்லூரி, அதில் எலெக்ட்ரிகல். அந்த ஆசை வந்த கதை சின்னது. அவள் ஒன்பதாவது படிக்கும்போது கோடையில், டோல்கேட்டில் எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. சரிசெய்ய வந்த லைன்மேனிடம் போய், “வள்ளூர்ல கரன்ட் எடுக்கிறாங்க, டோல்கேட்ல ஃபேன் சுத்தல. நடுவுல கரன்ட் எங்கண்ணா போவுது?” என்று கேட்டாள். அவர் கம்பத்தின் மேலிருந்தபடியே ஏதோ சமாதானம் சொல்லிப் பார்த்தார். அவள் விடவில்லை. அவர் இறங்கி வந்து ஒரு சோடா குடித்துவிட்டு, “இத்த எல்லாம் நீ பட்ச்சி வந்து எங்க ஆபீஸருக்கு சொல்லும்மா” என்று சொல்லிப் போனார். அன்று பிடித்துக்கொண்டதுதான்.

என் மனைவி கல்லூரிகளைப் பார்த்த விதம் வேறு. பாடம், லேப், வேலைவாய்ப்பு எதுவும் அவள் கணக்கில் வரவில்லை. கல்லூரி பஸ் டோல்கேட்டில் நிற்குமா, நிற்காதா. நின்றால் எத்தனை மணிக்கு. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பது காலை எதுவரை. “லாரி க்யூவுக்கு இந்தாண்ட கீற காலேஜா, அந்தாண்ட கீற காலேஜா?” இதுதான் அவளுடைய ஒரே கேள்வி. அந்தக் கேள்வியில் ஒரே மாலையில் பதினான்கு கல்லூரிகள் அடிபட்டுப் போயின. அதில் இரண்டு, மற்றவர்கள் சிபாரிசு தேடி அலைகிற கல்லூரிகள்.

கோயம்புத்தூர் என்றதும் அழுதுவிட்டாள். “எனுக்கு புடிக்கல. சொல்லிட்டேன். நாளிக்கு நான் சொல்லலன்னு சொல்லக் கூடாது. ஹாஸ்டலு, எட்டு மணி நேர ரயிலு, ஜொரம் வந்தா யாரு பாப்பா?” மூக்கைச் சிந்தினாள். மகள் உம்மென்று ஆனாள்.

நான் அப்போது எழுந்து நின்றேன். “நீ எங்க வேணாலும் போய் படிம்மா. நைனா கீறேன்” என்றேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. மனைவி மட்டும், பெரிய மனசுக்காரரு வந்துட்டாரு என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குழம்பைப் பார்க்கப் போனாள்.

அதன்பின் லிஸ்ட் போடுகிற பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். பெரிய மாதக் காலண்டரில் போன மாதத்தைக் கிழித்து, பின்பக்கம் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். முப்பது கட்டம், ஒன்றின்மேல் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு கல்லூரி, அதன் நான்கு இலக்க எண், பாடம். ஆசைப்பட்ட பத்தும் அடியில். கனம் அல்லவா. அளவான பத்தும் நடுவில். அவசரத்துக்கான பத்தும் மேலே. அடிக்கட்டத்தில் கோயம்புத்தூர். உச்சிக் கட்டத்தில் எல்லாவற்றிலும் லேசான ஒன்று, வள்ளூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் புதிதாக வந்த ஒரு தனியார் கல்லூரி. மோசம் என்று சொல்ல முடியாது. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளை நோக்கிக் காலையில் பஸ் ஏறினால் கல்லூரி வாசலிலேயே இறங்கலாம். சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். மனைவி அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டினாள்.

மகள் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“இன்னா நைனா, காலேஜ எல்லாம் கன்டெய்னர்ல ஏத்திட்ட.”

“லிஸ்ட்டுன்னா சாயாம நிக்கணும். நாளிக்கு நீ இன்ஜினியர் ஆனா உனுக்கே புரியும்.”

“கீழேருந்து மேல படிக்கணும். அவ்ளோதான? எனுக்கு தெரியும்” என்று சொல்லி அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். சின்ன வயதிலிருந்து என் சட்டைப்பையில் கிடந்த கட்டக் காகிதங்களில்தான் அவள் பூஜ்யம், பெருக்கல் குறி விளையாடியிருக்கிறாள். அவளுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. அவளே உட்கார்ந்து நிதானமாகப் பதிவுசெய்வதாக ஏற்பாடு.

அந்த நேரம் பார்த்து அவளுக்கு மெட்ராஸ் ஐ வந்தது. இரண்டு கண்ணும் சிவந்து வீங்கி, காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. மெட்ராஸ் ஐ பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. டாக்டர் அப்படியெல்லாம் இல்லை என்கிறார். டாக்டரும் அதைச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். வீட்டில் மூவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு பேசினோம். அவள் என் பழைய கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு, ஓட்டுக் கேட்க வந்தவர் மாதிரி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். லிஸ்ட் கொடுக்க மூன்று நாள் அவகாசம். இரண்டு நாள் கண்ணிலேயே போனது.

மூன்றாம் நாள் நான் அரைநாள் லீவு போட்டேன். எங்களிடம் கம்ப்யூட்டர் கிடையாது. டோல்கேட் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் இருக்கிறது. ஆதார் திருத்துவது முதல் லேமினேஷன் வரை எல்லாம் அங்கேதான். கண்ணுவலிக்காரியை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் நான் மட்டும் காலண்டர் தாளைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன்.

“பாத்து போடு நைனா” என்றாள் மகள், சுவரைப் பார்த்தபடி. “உனுக்கு தெரியாததா?”

சென்டரில் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரிக் கூட்டம். எல்லாம் என்னைப் போன்ற அப்பாக்கள், கையில் ஆளுக்கொரு காகிதம். என் முறை வந்ததும் சென்டர்காரர், “படிங்க சார்” என்றார். தாளை மேசையில் விரித்து, மேல் கட்டத்தில் விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தேன். நான் எண்ணைச் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். விரல் ஒவ்வொரு கட்டமாக இறங்கியது. அரை மணி நேரத்தில் முப்பதும் ஏறிவிட்டன. திரையைப் பார்த்தேன். அப்படியே என் காலண்டர் தாள். கீழே கனம், மேலே லேசு, ஒரு பெட்டி இடம் மாறவில்லை. லிஸ்டைப் பூட்ட என் போனுக்கு ஒரு ஓடிபி வந்தது. சொன்னேன். பூட்டியாகிவிட்டது. பிரின்ட் எடுத்து, இருபது வருடம் தாங்கட்டும் என்று லேமினேஷனும் போட்டு, வீட்டுக்கு வந்து மாதா படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். மகள் கேட்டதற்கு, “எல்லாம் ஒயுங்கா முடிஞ்சது” என்றேன்.

மறுநாள் காலை போனில் செய்தி வந்தது, கல்லூரிப் பெயர் இல்லாமல் எண்ணை மட்டும் போட்டு. மனைவிதான் முதலில் பார்த்தாள். “முதல் விருப்பமே கெடச்சிடுச்சாம்டி” என்றாள். கோயம்புத்தூருக்கு மகளை இழந்தாகிவிட்டது என்று அழுதாள். மகளும் அழுதாள். அது சந்தோஷமா, கண்வலியா என்று யாருக்கும் தெரியவில்லை. நான் நேராகப் போய் இரண்டு கிலோ லட்டு வாங்கி, தெருக்கோடி வரை கொடுத்துக்கொண்டு வந்தேன். பாய்க்கு போன் போட்டேன். “சொன்னேன்ல மாமு, கலந்து போடணும்னு” என்றார்.

லட்டு டப்பாவோடு உள்ளே நுழையும்போது மகள் அம்மாவிடம், “கோட் நம்பர் இன்னான்னு ஒருதபா படி” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆசைக்குக் கேட்கிறாள் என்று மனைவி நான்கு இலக்கத்தையும் ராகம் போட்டுப் படித்தாள்.

“இது கோயம்புத்தூர் நம்பர் இல்லியே.”

முப்பது எண்ணும் அவளுக்கு மனப்பாடம். கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு எங்களை நேராகப் பார்த்தாள். அந்த நேரத்தில் யாரும் முகத்தைத் திருப்பவில்லை. மாதா படத்துக்குப் பக்கத்தில் இருந்த லேமினேஷனை எடுத்துக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் படித்தாள். முதல் வரியைப் படித்ததும் கையை இறக்கிவிட்டாள்.

“மேலேருந்து அடிச்சிட்டியா நைனா?”

எனக்கு முதலில் அவள் என்ன கேட்கிறாள் என்றே புரியாதது மாதிரி நின்றேன். வாசலில் வேறு லட்டு சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து, முதல் விருப்பமே கிடைப்பது லேசில்லை, குடுத்து வைத்த பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். மனைவி எல்லோருக்கும் தலையாட்டினாள். அன்று காலை முழுக்க எங்கள் வீட்டில் துக்கம் விசாரிக்க வந்த மாதிரி வாழ்த்திக்கொண்டிருந்தார்கள்.

பாயைக் கேட்டேன். கிடைத்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, லிஸ்டில் அதற்கு மேலே இருப்பதற்குக் காத்திருக்க ஒரு வழி உண்டு என்றார். “உனுக்கு மேல எத்தினி கீது?” என்று கேட்டார். எங்களுக்கு மேலே ஒன்றுமே இல்லை. உச்சிப் பெட்டியில் உட்கார்ந்திருந்தோம். இன்னொரு வழி, வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவது. அதில் மற்றவர்கள் எடுத்ததுபோக மிஞ்சியதுதான் கிடைக்கும். ஒன்றும் கிடைக்காமலும் போகலாம்.

மகள் லேமினேஷனைத் திரும்ப மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு மெதுவாகத்தான் கேட்டாள்.

“தெரியாம பண்ணியா நைனா, இல்ல தெரிஞ்சி பண்ணியா?”

எனக்கு வந்ததே கோபம். “பெத்த அப்பன பாத்து கேக்கிற கேள்வியா இது? சத்தியமா தெரியாது. ஹார்பர்ல வந்து கேட்டுப் பாரு, நான் எவனையாவது டபாய்ச்சிருக்கேனான்னு” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். தேவைக்கு மேலேயே கத்தினேன்.

“சரி” என்றாள். போனை வாங்கி, வந்த இடத்தை வேண்டாம் என்று அவளே தட்டிவிட்டாள்.

அடுத்த சுற்று வந்தபோது அவளுக்குக் கண் சரியாகிவிட்டது. அதே சென்டருக்கு அவளே கிளம்பினாள். ஓடிபி என் போனுக்குத்தான் வரும் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அந்த ஒரு காரணத்துக்காகத்தான். வழியெல்லாம் எனக்கு முன்னால் பத்தடி தள்ளி நடந்தாள்.

சென்டர்காரர் என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் மனதில் கள்ளம் இல்லாமல் சொன்னார்.

“நான் அன்னிக்கே கேட்டேனே சார். மேல போடறததான் கம்ப்யூட்டர் மொதல்ல எடுத்துக்கும், இந்த காலேஜ்தான் மொதல்ல வேணுமான்னு. நீங்கதான, தெரியும்பா நீ அடின்னு சொன்னீங்க.”

அவர் கேட்டது உண்மை. உங்களிடமும் நான் இதுவரை அதைச் சொல்லவில்லை. அவர் கேட்டபோது என் விரல் அந்த உச்சிக் கட்டத்தில் இருந்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் வாசலில் செருப்பைக் கழற்றுவது எனக்குக் கண்முன் வந்தது. தெரியும்பா, நீ அடி என்றேன். யாராவது கேள்வி கேட்டால் வருகிற வழக்கமான கோபம் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிவந்தேன். கோபமும் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் பயம் இருந்தது. அவள் போய்விடுவாள் என்று எனக்கு அவ்வளவு பயம். என் மனைவி அதை மூக்கைச் சிந்திக்கொண்டு வாய்விட்டுச் சொன்னாள். நான் கையைப் பிடிக்கவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மகள் என் பக்கம் திரும்பவில்லை. “தள்ளிக்கங்கண்ணா, நான் அடிக்கிறேன்” என்று சென்டர்காரரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினோரு கல்லூரிகள் அடித்தாள். அத்தனையும் வெளியூர், அத்தனையும் அரசுக் கல்லூரிகள், அத்தனையும் எலெக்ட்ரிகல். அவசரத்துக்கு என்று ஒன்றுகூட இல்லை. கனமெல்லாம் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. ஹார்பராக இருந்தால் கப்பலைப் பிடித்து நிறுத்தியிருப்பேன். இங்கே போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் போன் சிணுங்கியது.

“ஓடிபி சொல்லு.”

சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாவது இலக்கத்தில் நிறுத்தினாள்.

“எந்தப் பக்கத்துலேருந்து படிக்கிற?”

“மொதல்லேருந்துதாம்மா.”

கையை நீட்டி போனை வாங்கி, தானே பார்த்துத் தட்டிவிட்டு, திருப்பிக் கொடுத்தாள். சென்டர்காரர் பிரின்டரில் ஏதோ வேலை இருப்பது மாதிரிக் குனிந்துகொண்டார். லேமினேஷன் வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை.

கோயம்புத்தூரில் எலெக்ட்ரிகல் எங்கள் முதல் சுற்றிலேயே தீர்ந்துபோயிருந்தது. ஐந்தாவதாக அவள் எழுதியிருந்த ஒரு தென்மாவட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ரயில் எட்டு மணி நேரம் இல்லை, பதினொன்று. பாய் தன் ஆர்வத்தில் அந்தச் சுற்றின் முடிவுகளைத் தோண்டிப் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்தார். கோயம்புத்தூரில் அந்தக் கடைசி இடம் போனது யாருக்குத் தெரியுமா மாமு என்றார். எங்கள் ஒதுக்கீட்டுப் பிரிவிலேயே, கட்-ஆஃப் நூற்று எழுபத்தெட்டு எடுத்த ஒரு பிள்ளைக்கு. அரை மார்க் கம்மி. நான் போனை வைத்துவிட்டு, லட்டு கொடுத்த தெருவில் கோடிவரை நடந்துவிட்டு வந்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஹாஸ்டல் விண்ணப்பத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். என்னிடம் இப்போது பேசத்தான் செய்கிறாள், சிரிக்கவும் செய்கிறாள். பெட்டியில் புத்தகத்தை அடியிலும் துணியை மேலேயும் நான் அடுக்கியபோது, “இத்த மட்டும் கரெக்டா பண்ற” என்று கலாய்த்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவள் தோளுக்கு மேலாக விண்ணப்பத்தை எட்டிப் பார்த்தேன். தந்தை பெயர் என்ற இடத்தில் என் பெயரை அழகாக எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, ஓடிபி அனுப்ப வேண்டிய பெற்றோர் கைபேசி எண் என்று ஒரு கட்டம். அதில் அவள் அம்மாவின் நம்பர் இருந்தது.